மாண்ட்ரியலில் ஓர் அமெரிக்க வாக்குச்சாவடி

காலை 9.40. பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் மகள் மதுமிதா குடியிருக்கும் மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தின் வாசலிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய தூரம் ஆறு கிலோமீட்டர். பாளையங்கோட்டையிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தவளுக்கு ஆறு கிலோமீட்டர் ஒரு பயணமா என்று நீங்கள் கேட்கலாம். நான் இதுவரை போனவற்றிலேயே நீண்ட பயணம் அதுதான்.

மது இங்கே புள்ளியியலில் முதுகலை படிக்கிறாள். ஜனவரிக் கடைசியில் ஒரு மாலை, நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த பனிக்கட்டியில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தாள். மண்டைக்குள் சிறிது ரத்தக் கசிவு. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஐந்து நாள் மருத்துவமனை. பிறகு இருட்டறையில் ஓய்வு. பட்டமளிப்பு விழாவுக்காக முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த விசா எனக்குக் கைகொடுத்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் விடுப்புக் கொடுத்த என் தலைமையாசிரியருக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு.

விழுந்தவளைப் பார்த்தது கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பத்மா. யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் வேலை. இங்கே அதற்கு கார்டெரி என்று பெயர். வேலை முடிந்து வந்தவர், தன் கோட்டைக் கழற்றி மதுவின் மேல் போர்த்தி, ஆம்புலன்ஸில் கூடவே ஏறி, இரண்டு இரவு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதுவரை மதுவோடு மாடிப்படியில் ‘போன்ஜூர்’ சொன்னதற்கு மேல் பழக்கமில்லை. எங்கள் ஊரில் விடிவதற்கு முன் மணி அடித்த தொலைபேசியில் நான் கேட்ட முதல் வாக்கியம் அவருடையது: “அக்கா, பயப்படாதேங்கோ, பிள்ளை கதைக்குது.” அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் மூன்று விமானம் மாறினேன்.

பிள்ளை கதைத்தாள். ஆனால் எண்கள் அவளிடமிருந்து போய்விட்டிருந்தன. நான் வந்த முதல் வாரம், ஆசிரியை புத்தி, “ஏழெட்டு எவ்வளவும்மா?” என்று கேட்டுவிட்டேன். சுவரைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், பிறகு அழுதாள். சிகிச்சை அளிக்கும் பெண் என்னை வெளியே அழைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்: சோதிக்காதீர்கள், சொல் வராமல் தடுமாறினால் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். ஐந்து வாரமாகக் காத்திருந்தேன். மது அறியாமல் இன்னொரு காரியமும் செய்திருந்தேன்: பதினெட்டு நாள் கழித்து ஊர் திரும்ப இரண்டு டிக்கெட். படிப்பு போகட்டும். பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

இந்த நிலையில்தான் அவள் ஓட்டுப் போடப் போக வேண்டும் என்றாள்.

மெட்ரோவில் போனால் ஒருவருக்கு மூன்றே முக்கால் டாலர். நம் கணக்கில் இருநூற்று முப்பது ரூபாய் சொச்சம். பத்மா விடவில்லை. “அந்தச் சத்தத்துக்க, அந்த வெளிச்சத்துக்க பிள்ளையைக் கொண்டு போகப் போறியளோ? நான் கொண்டுபோய் விடுறன். காசைப் பற்றிப் பேந்து கதைப்பம், முதல்ல ஏறுங்கோ.” பேந்து என்றால் பிறகு. அவருடைய அகராதியில் அது ஒருபோதும் வராத பிறகு.

9.55. ஷெர்ப்ரூக் வீதியில் கிழக்கே போகிறோம். இரு பக்கமும் பனி இடுப்பளவு சுவராக நிற்கிறது. மது கறுப்புக் கண்ணாடி அணிந்து, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு முன்னிருக்கையில் இருந்தாள்.

“அது சரி பிள்ளை,” என்றார் பத்மா. “நீ வளந்தது இந்தியாவில, இருக்கிறது கனடாவில, வோட்டுப் போடுறது அமெரிக்காவுக்கோ? மூண்டு வீட்டிலயும் சாப்பாடு!”

“பிறந்தது நியூ ஜெர்சி ஆன்ட்டி. பாஸ்போர்ட் அதுதான்.”

உண்மைதான். என் கணவரின் வேலை நிமித்தம் நாங்கள் இரண்டரை ஆண்டு அங்கே இருந்தபோது பிறந்தவள்.

“அப்ப இண்டைக்கு ஜனாதிபதியைத் தெரிவு செய்யிறியளோ?”

“இல்ல ஆன்ட்டி. கட்சி யாரை நிறுத்தணும்னு மட்டும். அதுவும் நேரா இல்ல. நாம ஓட்டுப் போட்டா, அதுக்குத் தகுந்த மாதிரி அந்த... அவங்க போவாங்க இல்லையா, மாநாட்டுக்கு... அந்த...”

சொல் வரவில்லை. என் நாக்கு நுனியில் அது இருந்தது. பின்னிருக்கையில் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஒரு சிக்னல், இரண்டு சிக்னல் கடந்தன.

“டெலிகேட்ஸ்,” என்றார் பத்மா, அவருக்கு யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை.

“அதான்,” என்றாள் மது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீதியை அவளுக்குப் பதிலாக நான் சொல்கிறேன். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தலைவர்கள் அறையில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் பிரைமரி என்ற முதற்கட்டத் தேர்தல் நடக்கிறது. அதில் விழும் வாக்குகளுக்கு ஏற்ப அந்த மாநிலத்தின் டெலிகேட்ஸ், அதாவது பிரதிநிதிகள், போட்டியாளர்களுக்கிடையே பிரிக்கப்பட்டு, கட்சி மாநாட்டுக்குப் போய் வேட்பாளரைத் தேர்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் குடிமக்களையும் ஒரு மாநிலம் போலவே கருதி, அவர்களுக்கென்று பிரதிநிதிகள் ஒதுக்கியிருக்கிறது ஒரு கட்சி. எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை; பதினோரு தேர்தலில் பணி பார்த்தவளின் பழக்கம். அந்தக் கட்சி உலக நகரங்கள் பலவற்றில் சாவடி வைக்கிறது. மாண்ட்ரியலில் ஒன்று. இங்கே போட்டவர் தன் சொந்த மாநிலப் பிரைமரியில் மறுபடி போடக்கூடாது. மது நியூ ஜெர்சியை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தாள். “தபால் ஓட்டு வேண்டாம்மா. நடந்து போய்ப் போடணும்,” என்றாள். ஐந்து வாரத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம்.

10.10. நகர மையம். தெரு முழுக்க ஆரஞ்சு நிறத் தற்காலிகப் பலகைகள். பனி அள்ளும் வண்டிகள் வரப்போகின்றன என்று பொருள். நின்றால் காரை இழுத்துப் போவார்கள். தூரத்தில் சைரன் வேறு. “நீங்கள் இறங்குங்கோ, நான் எங்கயாவது விட்டிட்டு ஓடி வாறன்,” என்று பத்மா எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

கடைகளுக்கு மேலே முதல் மாடியில் ஒரு நடன வகுப்புக் கூடம். கீழ்க் கதவில் ஒரு காகிதம், அம்புக்குறி. காவலர் இல்லை, வரிசை இல்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மது திரும்பிப் பார்த்தாள்.

“வாங்கம்மா.”

“எனக்கு ஓட்டு இல்லையே. நான் எப்படி உள்ள வர?”

“அம்மா, இது பாளையங்கோட்டை இல்ல.”

“எந்த ஊரா இருந்தா என்ன, சாவடி சாவடிதான்.”

பிடிவாதமில்லை, உடம்பில் ஊறியது. வாக்காளர், அலுவலர், முகவர், கைக்குழந்தை. இவர்களைத் தவிர யாரையும் நான் என் சாவடிக்குள் விட்டதில்லை. ஒருமுறை வட்டச் செயலாளர் ஒருவரையே வெளியே அனுப்பியிருக்கிறேன். நடமாட முடியாதவருக்குத் துணையாளர் வரலாம், அதற்கு ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டு. அதைச் சொன்னேன்.

“நான் நல்லாத்தான் நடக்கிறேன்,” என்றாள் மது. “இங்கயே இருங்க. தனியாப் போறதுதான் எனக்கும் வேணும்.”

கதவு மூடியது. அதோடு விட்டேனா? சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் வேலையில்லாதவர் நிற்கக்கூடாது என்று சுண்ணாம்புக் கோடு போட வைத்துப் பழகிய கால்கள், தாமாகவே எண்ணிக்கொண்டு நடந்தன. நூற்று முப்பது தப்படி. ஒரு தெப்பானர் வாசலில் போய் நின்றேன். பாலும் பீரும் லாட்டரிச் சீட்டும் விற்கும் மூலைக்கடைக்கு இங்கே அந்தப் பெயர். அங்கிருந்து கூடத்தின் கதவே தெரியவில்லை.

10.30. வரவில்லை. ஒரு சீட்டில் குறியிட்டுப் பெட்டியில் போட எவ்வளவு நேரம்? என் சாவடியில் ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்.

10.45. மூக்கு நுனி உணர்விழந்தது. மதுவின் கைபேசியை அழைத்தேன், அணைத்து வைத்திருந்தாள். வாக்குச்சீட்டில் எழுத்துகள் அவளுக்கு நீந்தியிருக்கும். பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள், சொல் வந்திருக்காது. படியில் மறுபடி... தெப்பானர்க்காரர் கதவைத் திறந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். உள்ளே வந்து நில்லுங்கள் என்பதாகத்தான் இருக்க வேண்டும். “மெர்சி, மெர்சி,” என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

10.55. ஏழு தெரு தள்ளிக் காரை விட்டுவிட்டு மூச்சிரைக்க வந்த பத்மா என்னைக் கண்டு நின்றுவிட்டார்.

“என்னக்கா இஞ்ச நிக்கிறியள்? பிள்ளை எங்க?”

“உள்ளே. எனக்கு ஓட்டு இல்லை பத்மா. நூறு மீட்டர்...”

“என்ன மீற்றர்?”

சொன்னேன். கேட்டு முடித்தவர் என் கையைப் பிடித்தார். “உங்களுக்கென்ன விசரே? இந்தக் குளிருக்க, ஆரும் போடாத கோட்டுக்கு அங்கால நிக்கிறியள்! என்ர பிள்ளையெண்டால் நான் பெட்டிக்குள்ளேயே போய் இருந்திருப்பன். நடவுங்கோ.”

இருபத்திரண்டு படிகள். கதவு திறந்தே இருந்தது. எங்களைப் பார்த்து யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. காப்பி வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில்தான் மதுவை முதலில் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தாள். ஒரு மேசையைச் சுற்றி ஆறேழு பேர். நடுவில் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட, எழுபது வயதிருக்கும் பெண்மணி. ரூத் என்று சட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். சாவடிப் பொறுப்பாளர் அவர்தான். மது எப்போதோ ஓட்டுப் போட்டுவிட்டாள், இதை வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

பிரதிநிதிகள் எப்படிப் பிரிக்கப்படுகிறார்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சாவடியில் உண்மை வேட்பாளர் பெயரைச் சொல்லக்கூடாதென்று ரூத், உள்ளே பழமோ காயோ வைத்துச் சுடும் ‘பை’ என்ற பலகாரத்தில் நான்கு வகையை வேட்பாளர்களாக நிறுத்தியிருந்தார். தாளில் பெரிதாக எழுதியிருந்தது: ஆப்பிள் 96, பூசணி 60, செர்ரி 26, எலுமிச்சை 18. மொத்தம் இருநூறு வாக்கு. பிரதிநிதிகளுக்குப் பதில் மேப்பிள் இலை வடிவில் பத்து பிஸ்கெட்.

“பதினைந்து சதவீதம் வாங்காதவருக்கு ஒன்றும் கிடையாது,” என்றார் ரூத். “இருநூறில் அது முப்பது. ஆகவே செர்ரியும் எலுமிச்சையும் வீட்டுக்குப் போகலாம். ஆப்பிளுக்கு நாற்பத்தெட்டு சதவீதம், நாலு பிஸ்கெட். பூசணிக்கு முப்பது, மூன்று பிஸ்கெட். மிச்சம் மூன்று. முதலில் வந்தவருக்கே அது.” மூன்றையும் ஆப்பிள் பக்கம் தள்ளினார். ஏழுக்கு மூன்று.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். முதலில் வந்தவருக்கே எல்லாம் என்பது நமக்குப் பழகிய நியாயம் அல்லவா?

“இல்லைன்னு நினைக்கிறேன்,” என்றாள் மது ஆங்கிலத்தில்.

ரூத் நிமிர்ந்தார். “எங்கே தவறு?”

மது கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மூடினாள் என்பது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. “செர்ரிக்கும் எலுமிச்சைக்கும் விழுந்த நாற்பத்து நாலை முதல்ல எடுத்துடணும். அப்புறம் இருநூறு இல்ல. நூற்று... நூற்று...”

நின்றுவிட்டாள். பத்மா வாயெடுத்தார், நான் அவர் கையை நசுக்கினேன். நூற்று ஐம்பத்தாறு. நூற்று ஐம்பத்தாறு. என் தொண்டைக்குள் அது மணிபோல் அடித்தது. ரூத் அவசரப்படுத்தவில்லை. ஒரு பிஸ்கெட்டைக் கையில் பிடித்தபடி, உலகத்திலுள்ள நேரமெல்லாம் தனக்கு இருப்பதுபோல் காத்திருந்தார். அந்தப் பெண்மணிக்கு என் மகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

மது மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். “ஆப்பிளும் பூசணியும் மட்டும். தொண்ணூற்றாறும் அறுபதும். நூற்று ஐம்பத்தாறு. அதுல பங்கு பார்க்கணும். ஆப்பிளுக்கு ஆறும் கொஞ்சமும். பூசணிக்கு மூணே முக்காலுக்கும் மேல. முழுசா ஆறு, மூணு. ஒன்பது ஆச்சு. மிச்சம் ஒண்ணு யாருக்கு பின்னம் பெரிசோ அவங்களுக்கு. அதாவது பூசணிக்கு.”

ரூத் விதித்தாளைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். பிறகு ஆப்பிளிடமிருந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்துப் பூசணியிடம் வைத்தார். ஆறுக்கு நாலு. “இந்தப் பெண் சொல்வதுதான் சரி. முப்பது வருஷமாக நான் பூசணியை ஏமாற்றி வந்திருக்கிறேன்.”

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு தாடிக்கார இளைஞர் கேட்டார்: “என் செர்ரி பாவம். இன்னும் நாலே பேர் போட்டிருந்தால் முப்பது ஆகியிருக்குமே?”

“நாலு போதாது,” என்றாள் மது. இந்த முறை கண்ணை மூடவில்லை. “நாலு பேர் புதுசா வந்தா மொத்தம் இருநூற்று நாலு ஆயிடும். கோடும் முப்பதைத் தாண்டிடும். அஞ்சு பேரைக் கூட்டிட்டு வாங்க.”

நான் நாலு என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் கேட்காத இடத்திலிருந்து அந்த ஐந்து வந்தது. யாரும் அவளைச் சோதிக்கவில்லை. அவளாகப் பார்த்தாள், அவளாகச் சிரித்தாள். நான் முகத்தை மறைக்கத் திரும்பினேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்கு சிவந்து அழுகிற ஒரு பாளையங்கோட்டை டீச்சர் நின்றாள்.

“அம்மா, எப்ப உள்ள வந்தீங்க? ஓட்டு இல்லாதவங்க வரக்கூடாதே!” என்றாள் மது.

“உன்ர அம்மாவை நான்தான் கைது செய்து கொண்டு வந்தனான்,” என்றார் பத்மா.

11.30. ரூத் எனக்குக் காப்பியும் ஒரு பூசணிப் பிரதிநிதியையும் கொடுத்தார். வாக்குப்பெட்டி அட்டைப்பெட்டிதான், பிளாஸ்டிக் நாடா ஒட்டியிருந்தது. அரக்கில்லை, முத்திரையில்லை, விரலில் மையில்லை. என் கை துறுதுறுத்தது. இத்தனைக்கும் மூலையில் ஒருவர் வந்தவர் பெயரையெல்லாம் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் நாங்கள் எல்லோரையும் சந்தேகித்து நேர்மையாக நடத்துகிறோம். இவர்கள் எல்லோரையும் நம்பி நடத்துகிறார்கள். எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் யோசிக்க நேரம் வேண்டிய ஒரு பெண்ணுக்கு அன்று அங்கே நேரம் கிடைத்தது.

திரும்பும் வழியில் பத்மா சொன்னார்: “எங்கட ஊரில எனக்கு வோட்டுப் போடுற வயசு வரேக்க, போடுற நிலைமை இல்லை. இஞ்ச சிற்றிசன் கிடைச்ச பேந்துதான் முதல் வோட்டு. மூண்டு தரம் பேப்பரைப் பாத்தனான், பிழையாப் போட்டுடுவனோ எண்டு.” மது தூங்கிவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் மாலை ஆறு வரை தூங்கினாள், எழுந்தபோது தலைவலி. குணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. குணமாகும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரவு கஞ்சி குடிக்கும்போது சொன்னேன்: “ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன் மது.”

“தெரியும். உங்களுக்கு மெயில் ஆரம்பிச்சுக் கொடுத்ததே நான்தானே, டிக்கெட் என் போன்லயும் வந்துச்சு.”

“ஏன் ஒண்ணும் கேக்கலை?”

“சண்டை போட எனக்கு வார்த்தை வரலைம்மா. அதான் ஓட்டுப் போடப் போனேன்.”

மறுநாள் ஒரு டிக்கெட்டை ரத்து செய்தேன். சில நாளில் உலக நகரங்களின் வாக்கெல்லாம் சேர்த்து எண்ணி முடிவு வந்தது. அவள் போட்டவர் பதினைந்துக்கு மேலா கீழா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க இப்போது பழகிவிட்டது.

கிளம்பிய நாள். பத்மாவிடம் எப்படி நன்றி சொல்வதென்று இரண்டு மாதமாக வாக்கியம் தேடியும் வாசலில் ஒன்றும் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “நானும் ஒருக்கா இந்த ஊர் றோட்டில விழுந்தனான் அக்கா, வந்த புதுசில,” என்றார். “ஆரோ தூக்கிவிட்டவை. அவையின்ர பேர்கூடத் தெரியாது. போயிட்டு வாங்கோ.”

கார் வேண்டாம், பேருந்தில் போகலாம் என்றது மது. விமான நிலையப் பேருந்துக்கு ஆளுக்குப் பதினொரு டாலர். நடைபாதையில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. என் பெட்டியை அவள் இழுத்து வந்தாள். நான் இரண்டடி பின்னால், அவள் காலை எங்கே வைக்கிறாள் என்று பார்த்தபடியே நடந்தேன். அந்த ஊரில் நான் கடைசியாகப் பார்த்த காட்சிகள் எல்லாம் ஒரு ஜோடி பூட்ஸ்தான்.

பாதுகாப்புச் சோதனை வாசலில் அவள் திரும்ப வேண்டும். பேருந்து, அப்புறம் மெட்ரோ, அப்புறம் பத்து நிமிட நடை, எல்லாம் தனியாக.

“போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு,” என்றேன்.

“அம்மா,” என்றாள் மது, “பாளையங்கோட்டைக்குப் போறது நீங்க. நீங்க போடுங்க.”

போட்டேன். முப்பத்தொரு மணி நேரம் கழித்து, வீட்டுத் திண்ணையில் பெட்டியைக்கூட வைக்காமல். அங்கே அப்போது அவளுக்கு வகுப்பு நேரம்; அந்த வாரம்தான் மறுபடி போகத் தொடங்கியிருந்தாள். பதில் உடனே வரவில்லை. அதைப் பார்த்தபடி, வெகுநாளைக்குப் பிறகு, நிம்மதியாக ஒரு காப்பி குடித்தேன்.